தப்பான விடையையும் சேர்த்து அனுப்புங்கள்

சென்ற மாதம் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு என் சித்தி மகனிடமிருந்து புலனத்தில் ஒரு படம் வந்தது. படிவம் 6 படிக்கிறான். பயிற்சித் தாளைச் சாய்வாகப் பிடித்து எடுத்த படம். அதன் கீழே ஒரே வரி: "அக்கா, இதுக்கு ஆன்சர் அனுப்புங்க. நாளைக்குக் காலையில கொடுக்கணும்."

கேள்வி இதுதான். ஓர் ஊரில் 2 விழுக்காட்டினருக்கு ஒரு நோய் இருக்கிறது. அதைக் கண்டறிய ஒரு பரிசோதனை உண்டு. நோய் உள்ளவரைப் பரிசோதித்தால் 'பாசிட்டிவ்' என்று காட்டுவதற்கான நிகழ்தகவு 0.95. நோய் இல்லாதவரையும் தவறுதலாகப் 'பாசிட்டிவ்' என்று காட்டுவதற்கான நிகழ்தகவு 0.10. அந்த ஊரில் யாரோ ஒருவரைப் பரிசோதித்ததில் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே அந்த நோய் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறேன். இது கடைசி ஆண்டு. இரண்டு நிமிடத்தில் செய்து, படம் பிடித்து அனுப்பியிருக்கலாம். அவன் எழுதிக்கொண்டு தூங்கப் போயிருப்பான். நானும் தூங்கியிருப்பேன். ஆனால், "நீ என்ன போட்டே, அதை முதல்ல அனுப்பு" என்று கேட்டேன். பத்து நிமிடம் பதிலே இல்லை. பிறகு, "தப்புன்னு தெரியும்க்கா, சிரிக்காதீங்க" என்று தொடங்கி ஓர் எண் வந்தது: 0.95.

அந்த எண்ணைப் பார்த்தவுடனே அவனுக்கு எங்கே சிக்கல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேள்வியின் படம் அதைச் சொல்லவில்லை. அவனுடைய தப்பான விடைதான் சொன்னது.

நம்மில் பலர் உதவி கேட்பதே இல்லை. கேட்பவர்களும் விடையைத்தான் கேட்கிறோம். நாம் போட்ட தப்பை யாருக்கும் காட்டுவதில்லை. அழித்துவிட்டு, வெறும் தாளோடு போய் நிற்கிறோம். மற்றப் பாடங்களில் இதனால் எவ்வளவு நட்டம் என்று எனக்குத் தெரியாது. நிகழ்தகவில், அதாவது பள்ளியில் நாம் 'கெபாராங்காலியான்' என்று படிக்கும் இந்தப் பாடத்தில், இது பெரிய நட்டம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு முக்கோணத்தின் பக்கம் மைனஸ் 4 சென்டிமீட்டர் என்று வந்தால், எங்கோ தவறு என்று நமக்கே தெரிந்துவிடும். நிகழ்தகவில் அப்படித் தெரியாது. 0.95, 0.16, 0.019 எல்லாமே 0-க்கும் 1-க்கும் இடையில் அழகாக உட்கார்ந்திருக்கும். எல்லாமே சரி போலத்தான் இருக்கும். விடைத்தாளைப் பார்த்து 0.162 என்று எழுதிக்கொண்டவனுக்கு, தன் 0.95 ஏன் தவறு என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த முறையும் அதையே போடுவான்.

அதே கேள்வியை அவன் வகுப்பு நண்பர்கள் இன்னும் இருவர் செய்து பார்த்திருந்தார்கள். மறுநாள் அவர்களுடைய விடைகளையும் வாங்கி அனுப்பச் சொன்னேன். ஒருத்தி 0.019 என்று போட்டிருந்தாள். இன்னொருவன் 0.117. மூன்று விடையும் தவறு. ஆசிரியர் மூன்றுக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கோடுதான் போட்டிருப்பார். ஆனால் இவை மூன்றும் மூன்று வெவ்வேறு தவறுகள்.

இதை ஆள் கணக்காக மாற்றிப் பாருங்கள். அந்த ஊரில் 1000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 20 பேருக்கு நோய் இருக்கிறது. அவர்களில் 19 பேருக்குப் பாசிட்டிவ் வரும். மிச்சமுள்ள 980 பேருக்கு நோய் இல்லை. ஆனால் அவர்களில் 98 பேருக்குத் தவறுதலாகப் பாசிட்டிவ் வரும். ஆக மொத்தம் பாசிட்டிவ் வந்தவர்கள் 117 பேர். அந்த 117 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 19 பேர்தான். 19-ஐ 117-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.162. பாசிட்டிவ் என்று வந்தும் ஆறு பேரில் ஒருவருக்குத்தான் நோய்! பாடநூலில் இதைப் பேயஸ் தேற்றம் என்று ஒரு நீளமான சூத்திரமாகக் கொடுத்திருப்பார்கள். சூத்திரத்துக்குள் நடப்பது இவ்வளவுதான்.

இப்போது அந்தத் தப்பான விடைகளுக்கு வருவோம். 0.019 போட்டவள், ஊரில் உள்ள ஆயிரம் பேரிலும் நோயும் பாசிட்டிவும் சேர்ந்து உள்ளவர்களைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் கேள்வி ஊர் முழுவதையும் பற்றியது அல்ல, பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும் பற்றியது என்பதை விட்டுவிட்டாள். 0.117 போட்டவன் அந்தப் பாசிட்டிவ் கூட்டத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றுவிட்டான். இன்னும் ஒரே ஒரு வகுத்தல்தான் பாக்கி. அவனுக்கு முழுக் கணக்கையும் செய்து காட்டுவது நேர விரயம், "யாரைத் தேடினோம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். என் தம்பியின் சிக்கல்தான் ஆழமானது. அவன் கேள்வியையே தலைகீழாகப் படித்திருந்தான்.

இங்கே மொழி வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு வருகிறோம் (டிஎல்பி வகுப்பில் இருந்தவர்கள் மன்னிக்கவும்). இடைநிலைப்பள்ளியில் கேள்வி மலாயிலோ ஆங்கிலத்திலோ வருகிறது. எஸ்பிஎம் கணிதத் தாளில் இரண்டு மொழியும் இருக்கும். கூட்டல், பெருக்கல், இயற்கணிதம் எல்லாம் எந்த மொழியிலும் ஒன்றுதான். நிகழ்தகவு அப்படியில்லை. அங்கே கணக்கு மொத்தமும் ஒரு சின்னச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். 'செகுராங்-குராங்ஞா சத்து' என்றால் ஒன்று மட்டுமா, ஒன்றும் அதற்கு மேலுமா? 'டிபெரி பஹாவா' என்றும் 'கிவன் தேட்' என்றும் வரும்போது, அதற்குப் பின்னால் வருவது நமக்கு முன்பே தெரிந்த செய்தியா, கண்டுபிடிக்க வேண்டியதா? இந்த இடத்தில் வழுக்கினால், அதற்குப் பிறகு எவ்வளவு சரியாகப் பெருக்கினாலும் பயனில்லை.

அதனால் தம்பியிடம் ஒன்றுதான் சொன்னேன்: "கேள்வியைத் தமிழ்ல எனக்குச் சொல்லு." அவன் முனகினான். பிறகு எழுதினான்: "நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ்." நான், "கேள்வித் தாளை மறுபடி பார். உனக்குத் தெரிந்தது எது, அவருக்கு நோய் இருக்கிறது என்பதா, பாசிட்டிவ் வந்தது என்பதா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய்" என்று வந்தது. தொடர்ந்து, "ஐயோ அக்கா, இது வேற கேள்வி!"

வேறு கேள்விதான். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குச் செய்யும் உதவியைக் கவனியுங்கள். எந்தச் சொல்லோடு 'களில்' ஒட்டிக்கொள்கிறதோ, அந்தக் கூட்டம்தான் பின்னத்தின் கீழே போகும். 'நோய் உள்ளவர்களில்' என்றால் கீழே 20. 'பாசிட்டிவ் வந்தவர்களில்' என்றால் கீழே 117. மேலே இரண்டுக்கும் அதே 19. தமிழ்ப்பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் தமிழர். அதை வைத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். 0.95 என்று எழுதும்போது நாம் செய்வது அதே தவறுதான். ஆனால் மலாய் அல்லது ஆங்கில வாக்கியமாக, எண்களோடு வரும்போது அது நமக்குச் சிரிப்பாகத் தெரிவதில்லை.

தெரியாமல் போவது நமக்கு மட்டுமல்ல. கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1990-களில் இதே மாதிரிக் கேள்விகளை மருத்துவர்களிடமே கொடுத்துப் பார்த்தார்கள். நிகழ்தகவாகக் கொடுத்தபோது பலர் தடுமாறினார்கள். 'இத்தனை பேரில் இத்தனை பேர்' என்று ஆள் கணக்காகக் கொடுத்தபோது சரியான விடை சொன்னவர்கள் கூடினார்கள். ஆகவே ஆயிரம் பேரை வைத்துக் கணக்குப் போடுவது மட்டமான குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நானே அந்தத் தப்பை மறைக்கும் கூட்டத்தில் இருந்தவள். படிவம் 5-இல் ஒரு டியூஷன் வகுப்பில், இரண்டு நாணயத்தைச் சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு என்ன என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கி, மூன்றில் இரண்டு என்றேன். இரண்டு தலை, ஒரு தலை, தலையே இல்லை என்று மூன்று வகை. அவற்றில் இரண்டில் தலை உண்டு என்பது என் கணக்கு. ஆசிரியர் சிரித்தார். வகுப்பே சிரித்தது. யாரும் எனக்கு ஏன் என்று சொல்லவில்லை. பலகையில் நான்கில் மூன்று என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு அந்த வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. மாதம் தவறாமல் அப்பா காசு கட்டினார். நானும் மாதம் தவறாமல் போய்ப் பலகையில் உள்ளதை எழுதிக்கொண்டு வந்தேன். அந்த ஆண்டு கணிதமே வேண்டாம் என்று முடிவெடுக்க இருந்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் ஒரு செய்தி படித்தேன். பிரான்சின் பெரிய கணித மேதை தாலம்பேர், 1754-இல் புகழ்பெற்ற 'கலைக்களஞ்சியம்' தொகுப்பில் இதே நாணயக் கேள்விக்கு மூன்றில் இரண்டு என்றுதான் எழுதியிருக்கிறார். அவர் பிரித்த மூன்று வகை கொஞ்சம் வேறு: முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இல்லையென்றால் இரண்டாவதில் தலை, அல்லது இரண்டிலும் இல்லை. ஆனால் அடிப்படைத் தவறு ஒன்றுதான்: மூன்றுக்கும் சமமான வாய்ப்பு என்று நினைத்தது. முதலிலேயே தலை விழும் வாய்ப்பு பாதி. மற்ற இரண்டும் கால், கால். கூட்டினால் முக்கால். இதை அன்றைக்கு யாராவது இரண்டு வரியில் சொல்லியிருந்தால் எனக்கு ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும். தாலம்பேரோடு சேர்ந்து தப்புச் செய்தேன் என்று பெருமையாகவும் இருந்திருக்கும்.

நிகழ்தகவு என்ற இந்தப் பாடமே ஒருவர் உதவி கேட்டதில் வளர்ந்ததுதான். 1654-இல் பாரிசில் இருந்த பிளேஸ் பாஸ்கலிடம் சூதாட்டம் பற்றிய சில கேள்விகள் வந்தன. ஓர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது? பாஸ்கலுக்கு அப்போது 31 வயது. அவர் துலூஸ் நகரில் இருந்த பியேர் தெ ஃபெர்மாவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களில் சில இன்றும் இருக்கின்றன. வெறும் விடை கேட்டு எழுதிய கடிதங்கள் அல்ல அவை. ஆளுக்கு 32 காசு வைத்து, முதலில் மூன்று சுற்று வெல்பவருக்கே எல்லாம் என்று இருவர் ஆடுகிறார்கள். ஒருவர் இரண்டு சுற்றும் மற்றவர் ஒரு சுற்றும் வென்ற நிலையில் ஆட்டம் நிற்கிறது. பாஸ்கல் தன் வழியை ஒவ்வொரு படியாக எழுதுகிறார்: அடுத்த சுற்றை முன்னால் இருப்பவர் வென்றால் 64-உம் அவருக்கு, தோற்றால் இருவரும் சமம், 32 அவருக்கு. எப்படியும் 32 உறுதி. மிச்சம் 32-இல் பாதி. ஆக 48. மற்றவருக்கு 16.

இது சரியான கணக்கு. ஆனால் மூன்று பேர் ஆடும் ஆட்டத்துக்கு வந்தபோது, ஃபெர்மாவின் முறை பொருந்தாது என்று பாஸ்கல் நினைத்தார். ஏன் பொருந்தாது என்று தன் கணக்கை முழுக்க எழுதி அனுப்பினார். அதில் தவறியது பாஸ்கல்தான். அவர் முழுக் கணக்கையும் எழுதியிருந்ததால், ஃபெர்மாவால் அது எங்கே வழிதவறியது என்று சுட்டிக்காட்ட முடிந்தது. "உங்கள் முறை எனக்குப் புரியவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் ஃபெர்மா என்ன பதில் எழுதியிருப்பார்?

சரி, வீட்டுப்பாடத்தில் தப்பினால் இரண்டு மதிப்பெண் போகும், அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். என் தாத்தா நான்கு இலக்க எண் எடுக்கும் பழக்கம் உள்ளவர். "இந்த நம்பர் வந்து ரொம்ப நாளாச்சு, இனிமே வந்தே தீரும்" என்பார். அந்த எண்ணுக்குத் தான் எப்போது வந்தோம் என்ற நினைவு கிடையாது. ஒவ்வொரு குலுக்கலிலும் அதற்கு அதே வாய்ப்புதான். தொடர்பே இல்லாத இடத்தில் தொடர்பு இருப்பதாக நினைத்த அவருக்கு, ஆண்டுக்கணக்கில் காசு போனது.

தொடர்பு இருக்கக்கூடிய இடத்தில் இல்லை என்று நினைத்தால் அதைவிட மோசம். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அவரே கொன்றார் என்று 1999-இல் தண்டனை விதிக்கப்பட்டது. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8543-இல் ஒன்று. அதை அதே எண்ணால் பெருக்கி, இரண்டு குழந்தைகளும் அப்படி இறக்கும் வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று ஒரு குழந்தை மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். நாம் படிவம் 4-இல் படித்ததுதான்: இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே அப்படிப் பெருக்கலாம். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணு. சாராதவை என்று யார் சொன்னது? அதுமட்டுமல்ல, 'ஒன்றும் அறியாத ஒரு தாய்க்கு இப்படி நடக்கும் வாய்ப்பு' வேறு. 'இப்படி நடந்த பிறகு அந்தத் தாய் ஒன்றும் அறியாதவராக இருக்கும் வாய்ப்பு' வேறு. என் தம்பியின் 0.95-க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இங்கிலாந்தின் அரச புள்ளியியல் கழகம் 2001-இல் இந்தக் கணக்கைக் கண்டித்து வெளிப்படையாக அறிக்கை விட்டது. 2003-இல் தண்டனை ரத்தானது. அதற்கு முக்கியக் காரணம் வெளியே வராமல் இருந்த ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவு; ஆனால் அந்த எண் முன்வைக்கப்பட்ட விதத்தையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறை கூறியது. சாலி கிளார்க் 2007-இல் இறந்துபோனார். அந்தப் பெருக்கலை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதற்கு முன், "நான் செய்தது சரியா?" என்று புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கலாம்.

இனி, உங்களில் பலர் மனத்தில் இருப்பதற்கு வருகிறேன். கைப்பேசியில் படம் பிடித்தால் செயலியே வரிக்கு வரி செய்து கொடுக்கிறதே, அக்காவும் வேண்டாம், டியூஷனும் வேண்டாம் என்று. நானும் பயன்படுத்துகிறேன். தவறில்லை. ஆனால் அதனிடமும் படத்தை மட்டும் கொடுத்தால் விடைதான் வரும். "நான் இப்படி யோசித்தேன், 0.95 வந்தது, எந்த இடத்தில் தவறினேன்?" என்று எழுதிப் பாருங்கள், பதில் வேறு மாதிரி இருக்கும். அது சொல்வதையும் ஆயிரம் பேரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு மண்டபத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரமில்லை என்பதும் எனக்குத் தெரியும். மறுநாள் காலை மூன்று பாடத்துக்கு வேலை கொடுக்க வேண்டியிருக்கும்போது யாரும் உட்கார்ந்து கணக்கைத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பார்த்து எழுதித்தான் கொடுப்பீர்கள், நானும் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுக்கும் நாளில், அந்தக் கணக்கின் ஓரத்தில் பென்சிலால், 'இந்த வரிக்கு மேல் புரியவில்லை' என்று எழுதிக் கொடுங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியரால் ஒவ்வொருவரிடமும் வந்து கேட்க முடியாது. அந்தப் பென்சில் குறிப்பைப் பார்த்துத் திட்டும் ஆசிரியரும் இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில், அடுத்த வகுப்பில் அந்த வரியிலிருந்தே பாடம் தொடங்கியவர்கள்தான் அதிகம்.

ஆசிரியர்களுக்கும், டியூஷன் எடுக்கும் என்னைப் போன்ற அண்ணன், அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். தப்பான விடையைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம்; முகத்தைக்கூடச் சுளிக்க வேண்டாம். உடனே பேனாவை எடுத்துச் சரியாகச் செய்து காட்டவும் வேண்டாம். அது சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் சுகம். அந்த மாணவர் எந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். நிகழ்தகவில் பெரும்பாலான தப்பான விடைகள் வேறொரு கேள்விக்குச் சரியான விடைகளாகவே இருக்கும்.

போன வாரம் தம்பியிடமிருந்து மறுபடி ஒரு படம். பத்து விழுக்காடு பழுதான மின்விளக்குகள். மூன்றை எடுத்தால் குறைந்தது ஒன்று பழுதாக இருக்க நிகழ்தகவு என்ன? இந்த முறை படத்தோடு அவனுடைய கணக்கும் இருந்தது. 0.243 என்று போட்டு, கீழே, "சரியான ஆன்சர் 0.271-ஆம். எனக்கு ஏன் குறையுது? 'குறைந்தது ஒன்று'ன்னா ஒன்று, அப்புறம்" என்று பாதியில் நின்றிருந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் செய்தி அழிக்கப்பட்டது. ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது: "வேணாம்க்கா, எழுதும்போதே தெரிஞ்சிருச்சு. ரெண்டு, மூணையும் விட்டுட்டேன்."